தைராய்டு அறுவைக்குப் பின் குரல் போச்சு, தண்ணீருக்கும் புரை ஏறுகிறது: ஆறு மாதம் பொறுக்கலாமா?

உங்கள் அப்பாவுக்கு 61 வயது, அந்தியூர்ப் பக்கம் மாட்டுத் தரகு பார்க்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் தைராய்டு கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்த நாளிலிருந்து பேச்சு வெறும் காற்றாகப் போகிறது, ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்குகிறார், தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது, ஆறு கிலோ இளைத்துவிட்டார். அறுவை செய்த மருத்துவர் ஆறு மாதம் பொறுங்கள், தானாக வரும் என்கிறார். சொந்தக்காரர் ஒருவரோ, கோவையில் குரலுக்கென்றே அறுவை செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், கழுத்தில் எதையோ வைத்துத் தைத்து மேசையிலேயே பேச வைத்துவிடுவார்கள் என்கிறார். ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தைக்குள் அப்பாவுக்குக் குரல் வந்துவிடுமா என்று முடித்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது குரலைப் பற்றி. எனக்குக் கவலை தந்தது தண்ணீரும் அந்த ஆறு கிலோவும். இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. குரலுக்காகப் பொறுக்கலாமா என்பது ஒன்று. விழுங்குவதற்காகப் பொறுக்கலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் பொறுக்கலாம் என்பேன். இரண்டாவதற்கு ஒரு வாரம்கூட வேண்டாம். உங்கள் மருத்துவர் சொன்ன ஆறு மாதம், குரலை இயக்கும் நரம்பு மீள்வதற்குச் சரியான கணக்கு. அந்த ஆறு மாதமும் அப்பா எதை எப்படிக் குடித்து எப்படி நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்வார் என்பதற்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

நான் காது மூக்குத் தொண்டை படித்துவிட்டு, அதற்குப் பிறகு குரல்வளையை மட்டும் தனியாகப் பயின்றவன். பத்தொன்பது ஆண்டுகளாகக் கோவையில் இதையே செய்கிறேன். இப்படித் தனி மருத்துவர் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. தொண்டை மருத்துவர் என்றால் டான்சிலும் சளியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். குரல்வளைக்குள் திறந்து மூடும் இரண்டு மடிப்புகளான குரல்நாண், மூச்சு வழி, விழுங்கும் வழி ஆகிய மூன்றையும் ஒரே இடமாகப் பார்த்து வைத்தியம் செய்வது ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவின் குரல்வளையை நான் பார்க்கவில்லை. நான் எழுதப்போவதெல்லாம், ஒரு பக்கக் குரல்நாண் அசையாமல் நின்றுவிட்டது என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. நீங்கள் சொன்ன குறிகள் அதற்குப் பொருந்துகின்றன. உள்ளே பார்த்து உறுதி செய்யும்வரை அது ஊகம்தான்.

நம் ஊரில் சாப்பிடும்போது புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம், உச்சந்தலையில் தட்டுவோம். அந்தச் சொல்லுக்குள் நடப்பது இதுதான்: தொண்டையின் அடியில் முன்னால் மூச்சுக்குழலும் பின்னால் உணவுக்குழலும் அடுத்தடுத்து இருக்கின்றன. சாப்பாடு, மூச்சு வழியின் வாசலைத் தாண்டித்தான் தன் வழிக்குப் போயாக வேண்டும். அதனால் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் மூச்சு ஒரு கணம் நின்று, சங்கு (கழுத்தின் முன்னால் துருத்தித் தெரியும் குரல்வளை) மேலே ஏறி, மூன்று அடுக்காக வாசல் மூடுகிறது. மேலே மூடி போன்ற குருத்தெலும்பு, அதற்குக் கீழே பொய் நாண்கள், எல்லாவற்றுக்கும் கீழே உண்மையான குரல்நாண்கள். ஐந்து இணை மூளை நரம்புகளும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட தசை இணைகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நொடிக்குள் முடிக்கும் வேலை இது. குரல்நாண்கள் நமக்கு வாய்த்ததே முதலில் இந்தக் காவலுக்காகத்தான். பேச்சும் பாட்டும் அதே கதவைக் கொண்டு நாம் பிற்பாடு கற்றுக்கொண்ட வித்தை. ஆணின் நாண் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான், சாதாரணப் பேச்சில் நொடிக்கு நூறு முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதி அதிரும். பெண்ணுக்கு இருநூறு முறைக்கு மேல். இரண்டில் ஒன்று திறந்த நிலையிலேயே நின்றுவிட்டால் மோதல் நடக்காது, காற்று வீணாகும். உங்கள் அப்பா ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வாங்குவது அதனால்தான். அதே இடைவெளி வழியாகத் தண்ணீரும் இறங்குகிறது. இருமினாலும் இருமலில் வலு இருக்காது. கதவை இறுக்கி மூடி அழுத்தம் சேர்த்துத் திறந்தால்தானே இருமல்? தம் கட்டி ஒரு தவிட்டு மூட்டையைத் தூக்கக்கூட முடியவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அதற்கும் காரணம் இதே இடைவெளிதான்.

இந்த நாணை அசைக்கும் நரம்பு விசித்திரமான வழியில் வருகிறது. மூளையிலிருந்து இறங்கிக் குரல்வளையைத் தாண்டிப் போய், இடப்பக்கம் நெஞ்சுக்குள் இதயத்தின் பெருந்தமனி வளைவையும் வலப்பக்கம் கழுத்தின் அடியில் கைக்குப் போகும் தமனியையும் சுற்றிக்கொண்டு, திரும்ப மேலே ஏறி வருகிறது. ஏறும்போது தைராய்டுச் சுரப்பியின் முதுகை ஒட்டியே வருகிறது. அதனால் தைராய்டு அறுவை செய்யும் ஒவ்வொருவரும் இந்த நரம்பைத் தேடிப் பார்த்து ஒதுக்கி வைத்துத்தான் வேலை செய்வார்கள். அப்படிச் செய்தும், நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குச் சில வாரங்களோ மாதங்களோ நாண் அசையாமல் போகிறது. ஒன்றிரண்டு பேருக்கு நிரந்தரமாகவே நின்றுவிடுகிறது. கட்டி பெரிதாக இருந்தால், புற்றுநோயாக இருந்தால், இரண்டாம் முறை அறுவையாக இருந்தால் இந்த எண் கூடும். இதைச் சொல்வது யாரையும் காப்பாற்றுவதற்காக அல்ல. அறுவை செய்தவர் மேல் கோபப்பட்டுக்கொண்டு அவரிடமே திரும்பப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அவர் கையில் இருக்கும் ஒரு தகவல் உங்களுக்கு மிகவும் தேவை.

அந்தத் தகவல் அறுவைக் குறிப்பில் இருக்கும். நரம்பைக் கண்ணால் பார்த்தார்களா, முழுதாக விட்டுவிட்டு வந்தார்களா, கட்டி ஒட்டியிருந்ததால் வெட்ட வேண்டி வந்ததா? பணிவாகக் கேட்டு அந்தத் தாளின் நகலை வாங்குங்கள், சதைப் பரிசோதனை முடிவையும் சேர்த்து. நரம்பு வெட்டப்பட்டிருந்தால் ஆறு மாதம் பொறுப்பதில் பொருளில்லை. இழுபட்டு மட்டும் இருந்தால் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் எழுந்துவிடும். உறை இருந்து உள்ளிழை அறுந்திருந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கணக்கில் மெல்ல வளரும், அதற்கு மாதங்கள் ஆகும். நான்கு மாதமாக எந்த மாற்றமும் இல்லை என்கிறீர்கள். நம்பிக்கை விட்டுப்போகிற கட்டம் அல்ல இது, எளிதாகத் திரும்பும் கட்டமும் தாண்டிவிட்டது. ஆறு மாதத்துக்குப் பின் வாய்ப்பு வேகமாகக் குறையும், ஒரு வருடம் கடந்தபின் தானாக அசைவு திரும்புவது அபூர்வம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாண் அசையாமலே குரல் திரும்புவதும் நடக்கும். செயலற்ற நாண் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து ஊன்றிக்கொண்டால், நல்ல நாண் கொஞ்சம் எட்டிப்போய் அதைத் தொட்டுவிடும். அப்படி ஊன்றிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு எந்த வைத்தியமும் தேவைப்படாமல் நான் அனுப்பியிருக்கிறேன்.

சரி, ஏன் விழுங்குவதில் மட்டும் இவ்வளவு அவசரப்படுகிறேன்? ஒரு பக்க நாண் நின்றவர்களில் பாதிப் பேருக்காவது தண்ணீர் குடிப்பதில் ஏதோ ஒரு சிரமம் இருக்கும். பெரும்பாலோர் சில வாரங்களில் பழகிக்கொள்வார்கள். நான்கு மாதம் கழித்தும் புரை ஏறுகிறது, எடையும் குறைகிறது என்றால் அவர் பழகிக்கொள்ளவில்லை. குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். வயலுக்கும் சந்தைக்கும் போகும் ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, நாலு பேர் முன்னால் இருமிக்கொண்டு நிற்க வெட்கப்பட்டுத் தண்ணீரையே விட்டுவிடுவார்கள். நுரையீரலுக்குள் எச்சிலும் உணவும் இறங்கினால் நிமோனியா வரலாம். இன்னொன்று, நாணுக்கு மேலே உணர்ச்சி தரும் வேறொரு நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தால், உள்ளே இறங்குவது தெரியாமலே இறங்கும், இருமல்கூட வராது. இருமல் குறைந்துவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படும் சில பேருக்கு உண்மையில் நிலைமை மோசமாகியிருக்கும். அதனால் இருமலை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். குடித்த பின் குரல் ஈரமாகக் குளறுகிறதா, மாலையில் காய்ச்சல் அடிக்கிறதா, சளி மஞ்சளாகிறதா, சாப்பாட்டு நேரம் நீண்டுகொண்டே போகிறதா என்று பாருங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது விசில் போன்ற சத்தம் கேட்டால் இரண்டு நாண்களும் நடுவில் நின்றிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்றிலிருந்தே வீட்டில் மாற்ற வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்பா சொம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பவராக இருப்பார் என்று நினைக்கிறேன். நம் பக்கம் எல்லோரும் அப்படித்தான், அடுத்தவர் வீட்டுச் சொம்பை எச்சில் பண்ணக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழக்கிவிடுவோம். நல்ல பழக்கம்தான். ஆனால் தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் மூச்சு வழி அகலத் திறக்கிறது, சங்கு மேலேறுவது சிரமமாகிறது, தண்ணீரோ நிற்காமல் வேகமாக விழுகிறது. கதவு சரியாக மூடாத ஒருவருக்கு இதைவிட ஆபத்தான குடிமுறை இல்லை. டம்ளரில் வாய் வைத்து, ஒரு மடக்கு, தாடையை மார்பை நோக்கிக் கொஞ்சம் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள். விழுங்கி முடித்த பிறகே அடுத்த மடக்கு. சாப்பிடும்போது பேச்சு வேண்டாம், டிவி வேண்டாம். சந்தைக்குப் போனால் தனக்கென்று ஒரு டம்ளர் கையோடு போகட்டும், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் நாண் நின்றிருக்கிறது என்று தெரிந்த பின், தலையை அந்தப் பக்கமே திருப்பி விழுங்கினால் உணவு நல்ல பக்கமாக இறங்கும். தாடையைத் தாழ்த்துவது சிலருக்கு உதவாமலும் போகும். அதனால் உள்ளே கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே இந்த நிலைகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதுதான் முறை.

தண்ணீரைவிடக் கூழ் சுலபமாக இறங்குவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். தண்ணீர் வேகமாக ஓடும், கதவு மூடும் முன் வந்து சேரும். கெட்டியானது மெதுவாக வருவதால் நேரம் கிடைக்கிறது. எவ்வளவு கெட்டி என்பதை அளக்க உலகம் முழுதும் மருத்துவமனைகளில் இன்று பயன்படுத்தும் ஒரு எளிய வழி உண்டு. ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சின் அடியை விரலால் அடைத்து, 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 நொடி ஓடவிட்டு மறுபடி அடைப்பார்கள். 1 மில்லிக்கும் குறைவாக நின்றால் அது தண்ணீர். 1 முதல் 4 மில்லி நின்றால் லேசான கெட்டி, 4 முதல் 8 வரை இளங்கெட்டி, 8-க்கு மேல் நின்றால் நடுத்தரக் கெட்டி. அளவுக்கோடு பூஜ்யத்திலிருந்து பத்து வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும் சிரிஞ்சுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும், வாங்கும்போது ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ராகிக் கூழையும் கம்மங்கூழையும் மோர் விட்டு எந்த அளவுக்கும் கொண்டுவரலாம், கடையில் விற்கும் கெட்டியாக்கும் பொடி எல்லோருக்கும் அவசியமில்லை. ஆனால் இரண்டு விஷயம் கவனம். கூழ் ஆறினால் இறுகும், அதனால் குடிக்கும் சூட்டில்தான் அளக்க வேண்டும். இரண்டாவது, மாவுச்சத்தை எச்சில் கரைத்துவிடும். ஒரே கரண்டியை வாயிலும் கிண்ணத்திலும் மாற்றி மாற்றி விட்டால் அரைமணி நேரத்தில் கெட்டியான கூழ் நீர்த்துப்போய், கடைசி நாலு கரண்டிக்குப் புரை ஏறும். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுங்கள்.

கெட்டியாக்குவதில் எனக்கு முழு நிம்மதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரேயில் பார்க்கும்போது மூச்சுக்குழலுக்குள் இறங்குவது குறைகிறது, அது உறுதி. அதனால் நிமோனியாவும் குறைகிறதா என்பதற்கு வலுவான சான்று இன்னும் இல்லை. ருசி இல்லாததால் ஆட்கள் குடிப்பதையே குறைத்து, நீர்ச்சத்து வற்றி வருவதையும் பார்க்கிறேன், சித்திரை வெயிலில் அதுவே தனி ஆபத்து. சந்தேகமில்லாமல் பலன் தருவது ஒன்றுண்டு, அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை: வாய்ச் சுத்தம். உள்ளே இறங்கும் எச்சிலில் எவ்வளவு கிருமி இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. காலையிலும் இரவிலும் பல் துலக்கட்டும், சாப்பிட்ட பின் வாய் கொப்பளிக்கட்டும், வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இதோடு நிற்கட்டும்.

அடுத்தது பரிசோதனை. 1854-இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், மருத்துவரே அல்ல, பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்துச் சூரிய வெளிச்சத்தை அதன்மேல் திருப்பித் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். எங்கள் துறை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்று மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய குழாயை மூக்கு வழியே விட்டுப் பார்க்கிறோம், மரத்துப்போகும் மருந்து அடித்த பிறகு சில நிமிட வேலை. அதே குழாயை உள்ளே வைத்துக்கொண்டு, பச்சை நிறம் கலந்த பாலும் கூழும் இட்லியும் கொடுத்து எது எங்கே போகிறது என்று திரையில் பார்க்கலாம். எக்ஸ்ரே அறையில் பேரியம் கலந்து கொடுத்து எடுக்கும் படம் இன்னொரு வகை. விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டைச் சதை குழாயின் முனையை ஒரு நொடி மூடிவிடும், திரையில் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரேயில் அந்த நொடியும் தெரியும். எது வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அப்பாவுக்கு இந்த நான்கு மாதத்தில் ஒரு தடவையாவது நாண்களை உள்ளே பார்த்தார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லையென்றால் அதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு.

சொந்தக்காரர் சொன்ன அறுவை கற்பனையல்ல. ஜப்பானின் நொபுஹிக்கோ இஷிக்கி 1974-இல் வகைப்படுத்திக் கொடுத்த முறை அது. சங்கின் பக்கவாட்டுக் குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, உளிக்குக் கீழே மரம் செதுக்குவது போல் சிலிக்கான் துண்டைக் கத்தியால் செதுக்கி, அதை உள்ளே வைத்துச் செயலற்ற நாணை நடுவுக்குத் தள்ளுவோம். கழுத்தை மட்டும் மரக்கவைத்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்வது இது. ஏனென்றால் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்வது அவர் குரல்தான். அரை மில்லிமீட்டர் கூடினால் குரல் நெரியும், குறைந்தால் காற்று போகும். சென்னிமலைப் பக்கத்து நெசவுக்காரர் ஒருவருக்குச் செய்தபோது ஒன்று இரண்டு எண்ணச் சொன்னேன். மூன்றாவது துண்டை வைத்ததும் "நாலு" என்றவர் அப்படியே நிறுத்தி, "ஏனுங் டாக்டர், இது என்ர கொரலுங்களா?" என்றார். அறையில் யாரும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற செவிலியர் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த மேசையடிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த "நாலு" கேட்கும்.

அவ்வளவு நல்லதென்றால் ஏன் இன்றைக்கே செய்யக்கூடாது? அது நிரந்தரமான வேலை. நான்காம் மாதத்தில் செய்து எட்டாம் மாதத்தில் நரம்பு விழித்துக்கொண்டால், தேவையில்லாத ஒரு துண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். எடுக்கலாம், ஆனால் எதற்கு ஒரு கழுத்தில் அத்தனை கத்தி? அறுவையில் வீக்கம் வந்து மூச்சு அடைக்கும் ஆபத்தும், ரத்தக்கசிவும், துண்டு நகர்ந்துபோவதும் அபூர்வமாக நடக்கும். இந்த இடைக்காலத்துக்கென்றே வேறொன்று இருக்கிறது. கரைந்துபோகும் ஜெல்லை ஊசி மூலம் நாணுக்குப் பக்கத்தில் செலுத்தி அதைப் பருக்கவைத்து நடுவுக்குக் கொண்டுவருவது. பொருளைப் பொறுத்து இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நிற்கும், பிறகு உடம்பே கரைத்துவிடும். நரம்பு அதற்குள் எழுந்தால் நல்லது, எழாவிட்டால் அப்போது நிரந்தர வேலையைப் பற்றிப் பேசலாம். பலருக்குக் கழுத்துத் தோல் வழியாகவே, மயக்கம் கொடுக்காமல் செய்ய முடிகிறது. உள்ளே பார்த்ததில் நாண் நின்றிருப்பதும் இடைவெளி இருப்பதும் உறுதியானால், உங்கள் அப்பா நிலையில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பேச்சுக்காக மட்டுமில்லை, இருமலில் வலு வருவதற்காக. புரை ஏறுவது இதனால் பலருக்குக் குறைகிறது. உணர்ச்சி நரம்பும் போயிருந்தால் ஊசி மட்டும் போதாது, விழுங்கும் பயிற்சியும் சேர்ந்தே போக வேண்டும். சீக்கிரம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பின்னால் நிரந்தர அறுவை தேவைப்படுவது குறைகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. அது ஊசியின் பலனா, லேசான பாதிப்பு உள்ளவர்கள் தேர்ந்து வந்ததாலா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. பழைய நாளில் ஊசிக்கு டெஃப்லான் பசையைப் பயன்படுத்தினார்கள், அது உள்ளே கட்டி பிடித்துப் பலரைத் துன்பப்படுத்தியதால் கைவிட்டார்கள். ஊசி என்றதும் வயதான யாராவது பயமுறுத்தினால் அவர்கள் கேட்டது அந்தக் காலத்துக் கதையாக இருக்கும்.

நரம்பையே இன்னொரு கழுத்து நரம்போடு தைத்து உயிர்கொடுக்கும் அறுவையும் உண்டு. பலன் தெரியவே நாலைந்து மாதங்கள் ஆகும், வயது ஏற ஏறப் பலன் குறைகிறது. இளையவராக இருந்தால் நீளமாகப் பேசியிருப்பேன், 61 வயதில் அது என் முதல் தேர்வு இல்லை.

மாத்திரைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நரம்புக்கு என்று தரும் வைட்டமின் மாத்திரை கெடுதல் செய்யாது, நாணை அது சீக்கிரம் எழுப்பும் என்பதற்குச் சான்று இல்லை. வயிற்று அமில மாத்திரை இந்த நோய்க்குச் சம்பந்தமில்லாதது. கழுத்தில் மின்சாரம் வைப்பதை நான் செய்வதில்லை. அம்மா கொடுக்கும் அதிமதுரம், சித்தரத்தை, மிளகுப்பால் எல்லாம் தொண்டைக்கு இதம்தான், ஆனால் நாம் குடிக்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. தொட்டால் இருமிவிடுவோம். உங்கள் அப்பாவுக்குத் தொடுகிறது என்பதே நோய், அதனால் மிளகுப்பாலைக்கூடக் கெட்டி பார்த்து, மடக்கு மடக்காகத்தான் கொடுக்க வேண்டும்.

ஆடிச் சந்தைக்கு வருகிறேன். ஊசியோ பின்னால் அறுவையோ சரியாக அமைந்தால், வீட்டில் பேசவும் போனில் பேசவும் டீக்கடையில் நாலு பேரோடு உட்காரவும் போதுமான குரல் கிடைக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். கூட்டத்துக்கு மேலே எழும் அந்தப் பழைய தரகுக் குரல், இருபது அடி தள்ளி நிற்பவரைக் கூப்பிடும் குரல், திரும்புமா என்றால் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. நரம்பு தானாக முழுதும் எழுந்தால் மட்டுமே அது நடக்கும். ஆனால் அவர் தொழிலில் விலை பேசுவது வாயால் அல்லவே, துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தானே? கருங்கல்பாளையம் வியாழன் சந்தையில் மணிக்கணக்கில் அந்த மௌன பேரத்தைப் பார்த்து நின்றிருக்கிறேன். அவர் சந்தைக்குப் போகலாம், போக வேண்டும். ஆளைக் கூப்பிட, கழுத்தில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கியை வாங்கிக் கொடுங்கள். கத்திப் பேச முயன்றால் பொய் நாண்கள் இறுகிக் கழுத்து வலியும் நெரிந்த குரலும் பழக்கமாகிவிடும், பின்னால் அதைப் பிரிப்பது தனி வேலை. வீட்டில் நாலு பேர் மௌனமாகக் காத்திருந்து அவர் வாக்கியத்தை முடிக்கவிடுங்கள். அவருக்காக நீங்கள் பேசி முடிக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விஷயம். அறுவை எதுவும் நடக்காமலே குரல் கம்மி நான்கு வாரம் தாண்டினால், அதுவும் பீடி, புகையிலைப் பழக்கம் இருந்தால், மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடாமல் நாண்களை உள்ளே பார்க்க வேண்டும். இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் போய் வருவதை மேலே சொன்னேன். பல்லடம் பக்கம் தறி ஓட்டும் ஒருவர், தறிச் சத்தத்தில் கத்தித் தொண்டை போச்சு என்றே ஐந்து மாதம் அமில மாத்திரை சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார். இடது நாண் நின்றிருந்தது. காரணம் நுரையீரலில் இருந்தது. ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் அவரிடம் நான் வேறு மாதிரிப் பேசியிருக்க முடியும்.

எங்கே போவது? பெருந்துறையிலும் கோவையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் நாண்களைப் பார்க்கும் முதல் வேலையைச் செய்துகொள்ளலாம், அதற்காகப் பெரிய செலவு வேண்டாம். ஊசி, அறுவை என்று வரும்போது இந்த வேலையை வழக்கமாகச் செய்பவரைத் தேடுங்கள். மாதத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று நேராகக் கேட்கலாம், நல்ல மருத்துவர் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். கூடவே விழுங்கும் பயிற்சி கற்றுத்தரும் பேச்சுப் பயிற்சியாளர் அந்த இடத்தில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள், அவர் இல்லாமல் என் வேலை பாதிதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் சென்று, தேதி குறிக்கும் முன்பே அங்குள்ள காப்பீட்டு உதவி மேசையில் விசாரித்துவிடுங்கள்.

போகும்போது அறுவைக் குறிப்பின் நகல், சதைப் பரிசோதனை முடிவு, இந்த நான்கு மாத எடைக் கணக்கு மூன்றும் வேண்டும். அவர் காலையில் குடிக்கும் கூழில் ஒரு தூக்குப்போசி, வீட்டில் தண்ணீர் குடிக்கும் அதே சொம்பு, இரண்டையும் கையோடு எடுத்துப்போங்கள். புதிதாக ஒரு கப்பில் கொடுத்தால் எல்லோரும் மருத்துவர் முன்னால் பத்திரமாகத்தான் குடிப்பார்கள். அவர் கையில் அவர் சொம்பைக் கொடுத்து, எப்போதும் போலக் குடியுங்கள் என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.